நகரத் தரவைத் திறந்துவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேருந்து நிறுத்தங்கள், புகார்கள் போன்ற நகரத் தரவை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிடும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பழைய தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். பட்டியலை பிடிஎஃப்பாகப் போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

வரிசை எண்ணையே அடையாள எண்ணாக வைப்பது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். பேருந்து நிறுத்தங்களுக்கு அட்டவணையின் வரிசை எண்ணையே அடையாளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு நிறுத்தத்தை நீக்கினால், அதற்குக் கீழே உள்ள எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். கோப்பின் வடிவத்தைச் சரிபார்க்கும் சோதனைக் கருவி எதுவும் சொல்லாது. தனியாகப் பார்த்தால் கோப்பில் பிழையே இல்லை.

ஒரு நகரத்தில் தன்னார்வலர்கள் நிறுத்தம் நிறுத்தமாகப் போய், சக்கர நாற்காலி ஏற வழி உண்டா என்று குறித்து, அதை நிறுத்த எண்ணோடு சேர்த்து வைத்தார்கள். அடுத்த வெளியீட்டில் எண்கள் நகர்ந்தன. படிக்கட்டு மட்டுமே உள்ள நிறுத்தத்தில் சாய்தளம் இருப்பதாகச் செயலி காட்டியது. அதை நம்பிப் போன ஒருவர் அங்கே மாட்டிக்கொண்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. சரி, பெயரை வைத்துப் பொருத்தலாம் என்றால், சாலையின் இரு பக்க நிறுத்தங்களுக்கும் ஒரே பெயர். பழைய கோப்பையும் யாரும் வைத்திருக்கவில்லை. அத்தனை பேரின் உழைப்பும் வீண்.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் 2005-இல் தொடங்கிவைத்த, பேருந்து நிறுத்தங்களையும் கால அட்டவணைகளையும் வெளியிடுவதற்கான பொது வடிவமான ஜிடிஎஃப்எஸ்ஸின் நடைமுறைக் குறிப்புகளிலேயே, நிறுத்த எண்ணும் வழித்தட எண்ணும் முடிந்தவரை மாறாமல் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் கொடுத்ததுதான். நிறுத்தத்தை மூடினாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். வெளியிடும் முன் பழைய கோப்போடு ஒப்பிடுங்கள். அதே எண் திடீரென்று வேறு தெருவில் நின்றால் வெளியீட்டை நிறுத்துங்கள். அப்புறம், பழைய கோப்புகளைத் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள்.

நள்ளிரவைத் தாண்டும் நேரம்

வெள்ளி இரவு தாண்டி 1:10-க்குப் புறப்படும் பேருந்தை ஜிடிஎஃப்எஸ்ஸில் வெள்ளிக்கிழமைச் சேவையில் 25:10:00 (24 மணி + 1:10) என்று எழுத வேண்டும். 01:10:00 என்று எழுதினால் அது வெள்ளி அதிகாலைக்கே போய்விடும். ஒரு நாள் கழித்துத்தான் வரப்போகிற பேருந்துக்குப் பயணி முன்னதாகவே வந்து காத்திருப்பார்.

சொந்தமாக ஒரு வடிவம்

ஏற்கெனவே பொது வடிவம் இருக்கும்போது புதிதாக ஒன்றை உருவாக்காதீர்கள். நகரப் புகார்ப் பதிவுக்கு ஓப்பன்311 என்ற பொது வடிவம் இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள்.

உரிமம்

யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற உரிமம் எழுதாத தரவை, எல்லோரும் சேர்ந்து உருவாக்கும் வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்க முடியாது. கோப்போடு சேர்த்தே எழுதிவிடுங்கள்.