பொம்மைக் கச்சேரி பார்க்க பீட்சா கடைக்குப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

பொம்மைகளுக்குக் காற்று கொடுப்பது என் தொழில். முன்பு தறிக்கூடங்களுக்கு அழுத்தக் காற்று போகும் குழாய் போட்டுக்கொண்டிருந்தேன். ஆடி மாதப் பொருட்காட்சிக்குத் தலையாட்டும் யானை, வயிறு ஏறி இறங்கும் கும்பகர்ணன் எல்லாம் செய்து கொடுத்ததுண்டு. இப்போது சேலத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பீட்சா சாப்பிட்டுக்கொண்டே இயந்திரப் பொம்மைகளின் கச்சேரி பார்க்கும் உணவகம் ஒன்று திறந்திருக்கிறார்கள். டிரம் அடிக்கும் கரடி, கிடார் வைத்திருக்கும் முதலை, பாடும் முயல் எல்லாம் அழுத்தக் காற்றில்தான் அசைகின்றன. காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரும் அதைத் திறந்து மூடும் வால்வுகளும் என் பொறுப்பு. சனி, ஞாயிறு மாலைகளில் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன்.

புதிதாக வருகிறவர்கள் வாராவாரம் அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூட்டம், பார்க்கிங், முன்பதிவு போன்றவை உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வந்ததும் மேடைக்கு ஓடுவது

உள்ளே நுழையும்போது திரை மூடியிருந்தால் குழந்தைகளின் முகம் வாடிவிடும். அப்பா நேராக ஊழியரிடம் போய், "எப்ப ஆடும்? இப்பப் போடுங்களேன்" என்று ஆரம்பித்துவிடுவார். பொம்மைகள் தொடர்ந்து ஆடாது. ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, அப்புறம் இடைவேளை, மறுபடி ஒரு பாட்டு. முறையே இதுதான்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. அட்டாரி வீடியோ கேம் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல், 1977-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில் இப்படி ஒரு பீட்சா கடையைத் திறந்தார். பின்னாளில் சக் ஈ சீஸ் என்று பெயர் பெற்றது அதுதான். பீட்சா வெந்து வர நேரம் ஆகும், காத்திருப்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அந்த நேரத்தில் குழந்தைகள் கேம் மெஷினில் காசு போடுவார்கள். பொம்மைக் கச்சேரியும் அந்தக் காத்திருப்புக்கு நடுவில் வருவதுதான்.

அதனால் உட்கார்ந்த உடனே ஆர்டர் கொடுங்கள். அப்புறம் அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு ஆட்டத்தை நின்றபடியே பார்த்துவிட்டு, பிறகு மெனு கார்டைப் புரட்டி, ஆளுக்கொரு டாப்பிங் பேசி ஆர்டர் கொடுக்கிறார்கள். பீட்சா மேஜைக்கு வரும் நேரம் பார்த்துத் திரை மறுபடி திறக்கும். குழந்தைகள் மேடைப் பக்கம் ஓடும். அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவார். பாட்டு முடிந்து எல்லோரும் திரும்பி வரும்போது சீஸ் இறுகிப் போயிருக்கும்.

கைக்குழந்தையோடு முதல் வரிசை

முதல் வரிசை என்றால் கல்யாண வீட்டில்கூட அடித்துப் பிடித்துத்தான் உட்காருவோம். இங்கே வேண்டாம். 2, 3 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கரடித் தலை பெரிய அண்டா அளவுக்கு இருக்கும். பாட்டுச் சத்தம் வருவதற்கு முன்பே வால்வுகள் "டக் டக்" என்று திறக்கும், மூட்டுகளை அசைக்கும் சிலிண்டரில் இருந்து காற்று "புஸ்" என்று வெளியேறும், கண்ணிமை படீரென்று விழும். முன்னால் உட்கார்ந்தால் இதெல்லாம் தெளிவாகக் கேட்கும். பிள்ளை வீறிட்டுக் கத்திவிட்டால் அப்புறம் அன்றைக்கு அது மேடைப் பக்கமே திரும்பாது. நடு வரிசையில், ஓரமாக, எழுந்து போக வசதியான இடம் பாருங்கள். முதல் பாட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு தூரத்தில் இருந்து காட்டினால் போதும்.

கூட வரும் பெரிய பையன்களிடமும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். ராத்திரியில் இந்தப் பொம்மைகள் உயிர் வந்து ஆளைத் துரத்தும் வீடியோ கேமை அவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சித்தப்பா பெண்ணின் காதில் அதை ஓதாமல் அவர்களால் இருக்க முடியாது.

கம்பிக்கு அந்தப் பக்கம் குழந்தையை இறக்குவது

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பாட்டு முடிகிறது. கரடியின் கை தளர்ந்து தொங்குகிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறது, விளக்கு மங்குகிறது. உடனே யாராவது போனைக் கையில் எடுத்துவிடுவார். "போ கண்ணு, கரடிகிட்ட நில்லு." தடுப்புக் கம்பி இடுப்பு உயரம்தான். குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஊழியர் ஓடி வந்து வேண்டாம் என்றால், "ஒரே ஒரு போட்டோ தம்பி, அதான் ஆஃப் பண்ணிட்டீங்களே" என்று பதில் வரும்.

ஆஃப் பண்ணவில்லை. அதைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பாட்டு நின்றதும் மூடுவது வால்வுகள் மட்டும். பின்னறையில் இருக்கும் கம்ப்ரஸர் டேங்கில் காற்று அப்படியே நிற்கிறது. டேங்கில் 6 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 87 பிஎஸ்ஐ. உங்கள் கார் டயரில் இருப்பது 30, 35. பொம்மையின் கைக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு சிலிண்டர் இருக்கிறது. அதன் உள்விட்டம் 25 மில்லிமீட்டர் என்றால் பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்டிமீட்டர். 6 பாரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 6 கிலோ. பெருக்கிப் பாருங்கள், 30 கிலோ தள்ளும் சக்தி. பொம்மைக்குப் போகும் வழியில் ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தைக் குறைக்கிறோம், வேகத்தைக் கட்டுப்படுத்தவும் திருகு இருக்கிறது. ஆனால் பாதியாகக் குறைத்தாலும் 15 கிலோ. முழங்கை மடிப்புக்குள் நாலு வயதுப் பிள்ளையின் விரல் இருந்தால் அது போதும். அதோடு சிலிண்டரை மூட்டுக்குப் பக்கத்திலேயே பொருத்தியிருப்பதால், அங்கே ரெண்டு விரற்கடை நகர்ந்தால் இங்கே கை முழுவதும் வீசி எழும்பும்.

அடுத்த ஆட்டத்தை யாரும் மேடையைப் பார்த்து, ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குவதும் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்க மேடைகளில் பாட்டு ஓடும் டேப்பிலேயே தனித் தடத்தில் வால்வுகளுக்கான கட்டளையும் பதிந்திருக்கும். எங்கள் கடையில் அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. மணி ஆனால் பாட்டு, பாட்டு வந்தால் காற்று. பாட்டை எப்போது ஆரம்பிப்பது என்று அதற்குத் தெரியும். மேடையில் யார் பிள்ளை நிற்கிறது என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். நான் பின்னறையில் டேங்குக்கு அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன். ஆத்தூர்ப் பக்கம் இருந்து பெரிய குடும்பம் ஒன்று, ரெண்டு காரில் வந்திருந்தார்கள். மருமகன் தன் பையனைக் கம்பிக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, "கரடி கையைப் பிடிச்சுக்கோ" என்றிருக்கிறார். கூட இருந்த பாட்டி மட்டும், "வேண்டாம் மாப்ளை, மெஷினை நம்பக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே போனைக் குறுக்கே திருப்பிப் பிடித்திருக்கிறார். பையனும் கரடியின் மணிக்கட்டை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பாட்டு வந்துவிட்டது. டிரம் அடிக்கக் கை வெடுக்கென்று மேலே இழுத்தது, பையன் நிலைதடுமாறினான். பயத்தில் அவன் இன்னும் இறுக்கிப் பிடிக்க, எடை தாங்காமல் கரடியின் ரப்பர் கையுறை மணிக்கட்டில் கிழிந்து அவன் கையோடு வந்துவிட்டது. கீழே விழுந்ததில் மோவாயில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தெய்வாதீனம் என்றுதான் சொல்ல வேண்டும், கை அடித்து இறங்கியபோது அவன் தலை அந்த இடத்தில் இல்லை. நான் சத்தம் கேட்டு ஓடிவந்து மெயின் வால்வை மூடும்வரை கரடி இரும்பு விரல்களோடு டிரம் அடித்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பையனுக்குத் தண்ணீர் கொடுத்து மருந்து போட்ட கையோடு, "இவ்வளவு ஆபத்தான பொம்மையைக் குழந்தைகள் வரும் இடத்தில் எதற்கு வைத்தீர்கள்" என்று அதே மாப்பிள்ளை மேனேஜரிடம் சண்டைக்கு நின்றார். தடுப்புக் கம்பியில் பெரிய எச்சரிக்கைப் பலகை தொங்குகிறது, அதில் சாய்ந்துகொண்டுதான் பேசினார். பேச்சு வளர்ந்து, கடைசியில் சேதத்தில் ஒரு பங்கை அவர்கள் கட்டும்படி ஆனது. பிறந்தநாளுக்கு வந்த குடும்பம், கேக் வெட்டாமலே கிளம்பியது. அந்தக் கையுறை இங்கே செவ்வாய்ப்பேட்டைக் கடையில் கிடைக்கும் சாமான் இல்லை, சொல்லிவைத்து அச்சு எடுத்து வர வாரக்கணக்கில் ஆனது. அதுவரை கரடிக்குக் கையில் கட்டுப்போட்டு, கழுத்தில் துணித் தொட்டில் மாட்டி, ஒற்றைக் கையால் டிரம் அடிக்க வைத்தோம். குழந்தைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது என்பது வேறு கதை.

மில்லில் இதே சிலிண்டரில் கைவைக்க வேண்டும் என்றால் என்ன செய்வோம் தெரியுமா? காற்றை மூடுவோம், குழாயில் மிச்சம் இருப்பதையும் வெளியேற்றுவோம், வால்வுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே கைவிடுவோம். அந்த மில்லில் வேலை பார்க்கும் ஆளே இங்கே வந்தால் பிள்ளையைத் தூக்கி உள்ளே விடுகிறார். மேலே கரடித் தோல் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1977-ல் திறந்த அந்த முதல் கடையில் பொம்மைகள் மேடையிலேயே இல்லை. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் உயரத்தில், படச் சட்டம் மாட்டியதுபோல் சட்டங்களுக்குள் இருந்து எட்டிப் பார்த்துப் பேசும். எனக்கு அந்த ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது. யார் கையும் எட்டாது.

போட்டோ வேண்டும் என்றால் கம்பிக்கு இந்தப் பக்கம் பிள்ளையை நிறுத்தி, பொம்மை பின்னால் தெரியும்படி எடுங்கள். பக்கத்தில் நின்றே ஆக வேண்டும் என்றால், கரடி வேஷம் போட்டு மேஜை மேஜையாக வரும் பையன் இருக்கிறான், அவனோடு எடுத்துக்கொள்ளலாம். அவன் வயிற்றில் குத்த மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் அந்த உடுப்புக்குள் நிற்பதே பெரும் பாடு.

கேம் கார்டில் மொத்தமாகப் பணம் போடுவது

வேண்டாம். மிச்சம் திரும்பி வருமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மேடைக்குப் பக்கத்தில் ஸ்னோ ஸ்பிரே

பிறந்தநாள் என்றால் மெழுகுவர்த்தியும் ஸ்னோ ஸ்பிரேயும் ஒன்றாகத்தான் வருகின்றன. அந்த டப்பாக்கள் பலவற்றில் நுரையைத் தள்ளுவது தீப்பிடிக்கும் வாயு. எரியும் மெழுகுவர்த்திக்கு மேல் அடிக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. பொம்மைகளின் ரோமம் செயற்கை இழை, பொறி பட்டால் உருகி எரியும். தீ இல்லாவிட்டாலும் அந்த நுரை காய்ந்து ரோமத்தில் ஒட்டினால் சீப்பு வைத்து வாருவது நான்தான்.

பொம்மை நின்றால் சண்டை போடுவது

முதலையின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டால் பெரும்பாலும் ஒரு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது காற்றோடு தண்ணீர் போயிருக்கும். காற்றை அழுத்தினால் அதில் உள்ள ஈரம் தண்ணீராக இறங்கும். மழைக்காலத்தில் எத்தனை தடவை வடித்தாலும் கொஞ்சம் தப்பிப் போகும். பாட்டைவிட உதடு கொஞ்சம் பிந்தி அசைந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். காற்று குழாய் வழியாகப் போய்ச் சேர வேண்டுமே.

யூடியூபில் பார்த்த மாதிரி இல்லை என்றும் சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வீடியோக்களில் வரும் சக் ஈ சீஸ் கடைகளிலேயே இப்போது பெரும்பாலும் இல்லை. பெரும்பாலான கிளைகளில் பொம்மைகளை எடுத்துவிட்டு, திரையும் நடனத் தளமும் வைக்கப் போவதாக அந்த அமெரிக்கக் கம்பெனி 2024-ல் சொல்லிவிட்டது.

புரட்டாசியில் கேட்காமல் ஆர்டர் கொடுப்பது

கத்தியும் தட்டும் சைவத்துக்குத் தனியா, கேக் முட்டை இல்லாததா என்று பாட்டி கேட்பதற்கு முன் நீங்கள் கேட்டுவிடுங்கள். சீஸே ஆகாத பெரியவர்களுக்கு, வரும் வழியில் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தால் அவர்களும் நிம்மதியாகப் பாட்டுக் கேட்பார்கள்.

சாப்பிட்டுவிட்டு ஏற்காடு ஏறுவது

வெளியூரில் இருந்து வருகிறவர்கள் மதியம் இங்கே சாப்பிட்டுவிட்டு நேராக மலைக்கு வண்டியை விடுகிறார்கள். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. வயிற்றில் சீஸும் கோலாவும், பின் சீட்டில் கேம் ஆடிக் களைத்த மூன்று பிள்ளைகள். மலையை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். இறங்கியதும் அடிவாரத்தில் கொஞ்சம் நிறுத்தி, காலாற நடந்து, மோர் குடித்துவிட்டு மெதுவாகவே வரலாம். ஞாயிறு என்றால் மட்டும் ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் நடு வரிசை கிடைக்காது.