டர்பனில் பழைய எஸ்-கிளாஸ் வாங்கும் முன் எதை எப்படிப் பார்ப்பது

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் கல்யாண வண்டிக்கென்றோ, அப்பா அம்மாவைப் பின்சீட்டில் சொகுசாக உட்கார வைக்க வேண்டுமென்றோ செகண்ட் ஹேண்டில் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் தேடுகிறவர்களுக்கு இது. நான் சொல்வது 2013-இல் வந்த டபிள்யூ222 மாடலைப் பற்றி. அருமையான கார். ஆனால் விற்கிறவர் பெரிய திரையையும் கலர் கலராக மாறும் உள்விளக்கையும்தான் காட்டுவார், நீங்கள் முதலில் குனிந்து சக்கரத்துக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

ஏர்மேட்டிக் என்ற காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டியைத் தாங்குவது சாதாரண ஸ்பிரிங் அல்ல, காற்று அடைத்த ரப்பர் பைகள். அந்த ரப்பர் வயதாகி விரிசல் விடும், காற்று மெல்லக் கசியும், அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்து கடைசியில் அதுவும் கருகும். அதனால் மாலையில் சமதரையில் நிறுத்தச் சொல்லி, நான்கு சக்கரத்திலும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலை இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போய் மறுபடி பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அங்கே கசிவு. நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜின் சூடாக இருந்தால் கம்ப்ரஸர் காற்றை நிரப்பிக் கசிவை மறைத்திருக்கலாம், அன்றைக்குப் பார்க்க வேண்டாம், இன்னொரு நாள் போங்கள்.

சில வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) வண்டிகளில் மேஜிக் பாடி கன்ட்ரோல் இருக்கும். முன்கண்ணாடிக்குப் பின்னால் இரட்டைக் கேமரா சுமார் 15 மீட்டர் முன்னாலுள்ள மேடுபள்ளத்தைப் படித்து, எண்ணெய் அழுத்தத்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் தயார்படுத்தும். ஓட்டிப் பார்த்தால் உண்மையிலேயே அசந்து போவீர்கள். அதில் காற்றுக் கசிவு தேட வேண்டாம், சக்கரப் பக்கம் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் முன்கண்ணாடி. என்3 நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போனால் கல் தெறிக்காமல் இருக்குமா? கண்ணாடி மாற்றியிருந்தால் கேமராவை மறுபடி அளவுதிருத்தினார்களா என்று கேட்டு, பில்லையும் வாங்கிப் பாருங்கள். முன்பக்கம் கிரில்லையும் பம்பரையும் மாற்றியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரானிக் (முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டுத் தானே வேகத்தைச் சரிசெய்யும் வசதி) உள்ள வண்டியில் ரேடார் முன்பக்கத்திலிருந்துதான் பார்க்கிறது. மோதிய பிறகு யாராவது மலிவான பாகம் மாட்டியிருந்தால் ரேடார் சரியாக வேலை செய்யாமல் போகலாம், வான் ரீனன்ஸ் கணவாயில் மூடுபனி இறங்கும்போது அந்த வண்டியை நம்ப முடியாது.

கதவை லேசாகத் தள்ளுங்கள், சாஃப்ட் குளோஸ் இருந்தால் மீதியைத் தானே இழுத்து மூட வேண்டும், நான்கும். பின்சீட்டில் நீங்களே உட்கார்ந்து மசாஜ், ஏசி, திரைச்சீலை எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். எக்ஸிகியூட்டிவ் சீட் 43.5 டிகிரி வரை சாயும், பாதியில் நின்றால் மோட்டாரில் கோளாறு.

ரோட்வர்தி சான்றிதழ் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று) கையில் இருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம். பெயர் மாற்ற அது தேவை, அவ்வளவுதான், மசாஜ் சீட்டையும் ரேடாரையும் அதற்காக யாரும் சோதிப்பதில்லை. லைசென்ஸ் டிஸ்க்கில் உள்ள வின் எண்ணும் (வண்டியின் அடையாள எண்) வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன், இந்த மாடலில் பழகிய மெக்கானிக்கிடம் வண்டியிலுள்ள எல்லா கம்ப்யூட்டர்களையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கோளாறுப் பதிவுகளை முந்தின நாள்தான் அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், நன்றாக ஒரு ரவுண்ட் ஓட்டிவிட்டு வந்து இன்னொரு முறை ஸ்கேன் போடுங்கள்.