வேலை நடக்கும்போதே போய்ப் பாருங்கள்: பண்ணை, ஆலை, சுரங்கம் சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு

உணவுப் பொருள் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் பல வருடம் இருந்தவள் நான். பார்வையாளர்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே தரையைத் தேய்த்துக் கழுவுவார்கள், மஞ்சள் கோட்டுக்குப் புது பெயிண்ட் அடிப்பார்கள், நன்றாகப் பேசுகிற ஆளை முன்னால் நிறுத்துவார்கள். வந்தவர்களும் வலைத் தொப்பி மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு, டீ பிஸ்கட் முடித்துக் கிளம்பிவிடுவார்கள். எப்போதாவது ஒருவர் மட்டும் கன்வேயர் திடீரென்று நின்றதும் "ஏன் நின்னுது?" என்று கேட்பார். அவரிடம் பேச எங்களுக்கே ஆசை வரும். இப்போது ஊர் சுற்றும்போது நானும் அந்த ரகத்தில் சேரத்தான் பார்க்கிறேன். கோயில், கோட்டை, கடற்கரை எல்லாம் எங்கும் போகாது. வேலை நடக்கிற இடம் அப்படி இல்லை. அதற்கு நேரம் உண்டு, பருவம் உண்டு, லீவு உண்டு.

முதலில் வேலையின் கடிகாரத்தைப் பாருங்கள்

எங்கே போகலாம் என்று யோசிப்பதற்கு முன், அங்கே எத்தனை மணிக்கு என்ன நடக்கும் என்று விசாரியுங்கள். இத்தாலியில் பார்மா பக்கம் பார்மிஜானோ ரெஜியானோ சீஸ் செய்கிற கூடங்களையே எடுத்துக்கொள்வோம். அங்கே வேலை காலையில்தான். முந்தின நாள் மாலைப் பாலை இரவு முழுக்க அகலத் தொட்டியில் விட்டுவைத்து, மேலே திரண்ட ஆடையை எடுத்துவிட்டு, அன்று காலை கறந்த பாலோடு சேர்த்துப் பெரிய செம்புக் கொப்பரைகளில் ஊற்றுகிறார்கள். உறை ஊற்றியதும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பால் கட்டியாகிவிடும். கம்பிக் கூடு மாதிரி ஒரு நீளக் கருவியால் அதை அரிசி மணி அளவுக்கு உடைத்து, 55 டிகிரி வரை சூடாக்கி விட்டால், உடைந்த மணிகள் அடியில் போய் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். சுமார் ஒரு மணி நேரம் அப்படியே கிடக்கும்.

அதற்கப்புறம் வருவதுதான் பார்க்க வேண்டியது. மரத் துடுப்பால் அடியிலிருந்து அந்தப் பந்தை நெம்பி, இரண்டு பேர் துணியை அதன் கீழே கொடுத்து மேலே தூக்குவார்கள். மோர்த் தண்ணீர் சொட்டச் சொட்ட, கத்தியால் நடுவில் ஒரே வெட்டு. ஒரு கொப்பரைக்கு இரண்டு வட்டுகள். ஒரு வட்டுக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் போகிறது. அது விற்பனைக்கு வரக் குறைந்தது 12 மாதம் அறையில் முதிர வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே இருந்தால் இவ்வளவும் பார்க்கலாம். மத்தியானம் போனால் கழுவிக் கவிழ்த்த கொப்பரையும் ஈரத் தரையும்தான் மிச்சம். பயண ஏற்பாட்டாளர்கள் "சீஸ் கூடம், மதியம் 3 மணி" என்று அட்டவணை போட்டுத் தந்தால் அது விற்பனைக் கூடத்துக்கான நேரம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

தேயிலை ஆலையும் இப்படித்தான். பகலில் பறித்த இலை இரவெல்லாம் காற்றில் வாடி, விடியற்காலையில் உருளை எந்திரத்துக்குப் போகும். நடுப்பகலில் நுழைகிறவருக்குத் தொட்டி நிறைய வாடும் இலை மட்டுமே காட்சி. ஞாயிற்றுக்கிழமை இலை பறிக்காத தோட்டம் என்றால் திங்கட்கிழமை ஆலையில் அரைக்க ஒன்றும் இருக்காது. சர்க்கரை ஆலை, கரும்பு வெட்டும் பருவத்தில் இரவு பகலாக ஓடும். பருவம் முடிந்ததும் உருளைகளைக் கழற்றிப் போட்டுப் பழுது பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பழுது மாதமும் நல்லதுதான். சத்தம் இல்லை, ஃபிட்டர்களுக்குப் பேச நேரம் உண்டு, எந்திரத்தின் வயிறு திறந்தே கிடக்கும்.

பிரான்சின் கெராந்த் உப்பளங்களில் அறுவடை ஏறக்குறைய ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. அதுவும் வெயிலும் காற்றும் ஒத்துழைக்கிற நாளில்தான். மேலே மெல்லிய ஏடாகப் படியும் உப்பைப் பிற்பகலில் வழித்து எடுப்பார்கள். மழை பெய்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அந்த மாதிரி இடத்துக்குப் பயணத்தில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் 2018 அக்டோபரில் திறந்த டோயோசு மீன் சந்தையில் சூரை ஏலம் அதிகாலையிலேயே முடிந்துவிடும். அருகிலிருந்து பார்க்கும் தளத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். கிடைக்காதவர்கள் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம்.

அனுமதி கேட்பது

சில இடங்களுக்கு டிக்கெட் வாங்கினால் போதும். அமெரிக்காவின் ஹூவர் அணை, பிரேசில், பராகுவே எல்லையில் இருக்கும் இதாய்ப்பு அணை எல்லாம் அந்த வகை. ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி தங்கச் சுரங்கம் மாதிரி சில இடங்களை அனுமதியே இல்லாமல் வெளியே பார்வைத் தளத்திலிருந்து பார்க்கலாம். அந்தத் திறந்தவெளிக் குழி மூன்றரை கிலோமீட்டர் நீளம். கீழே ஊர்ந்து போகிற ராட்சத லாரிகள் பொம்மையாகத் தெரியும்.

மற்றபடி கேட்டுத்தான் போக வேண்டும். கேட்டால் கிடைக்காது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். ஆலைக்காரர்களுக்குப் பயம் மூன்றுதான்: வந்தவருக்கு அடிபட்டால் என்ன செய்வது, இவர் போட்டி நிறுவனத்தின் ஆளா, உள்ளே எடுத்த வீடியோ எங்கே போகும். உங்கள் கடிதம் இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது. நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். நானும் என் தோழியும் இன்ன வாரம் உங்கள் ஊருக்கு வருகிறோம். உங்கள் ஆலையில் வேலை நடக்கும்போது அரை மணி நேரம் பார்க்க அனுமதி கிடைக்குமா? நாங்கள் இந்தத் தொழிலில் இல்லை. நீங்கள் சொல்லாமல் படம் எடுக்க மாட்டோம். பாதுகாப்பு விதிகளை அப்படியே பின்பற்றுவோம். உங்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் சொன்னால் அதற்கேற்ப எங்கள் பயணத்தை மாற்றிக்கொள்கிறோம்."

கடைசி வரிதான் கதவைத் திறக்கும். அந்த ஊர் மொழியில் எழுதி அனுப்புங்கள், மொழிபெயர்ப்புச் செயலி போதும். அரை மணி என்று கேளுங்கள். பிடித்துப்போனால் அவர்களே இரண்டு மணி நேரம் வைத்திருப்பார்கள். பெரிய நிறுவனத்துக்குச் சில வாரம் முன்பே எழுதுங்கள். சிறிய பட்டறைக்கு நேரே வாசலில் போய்க் கேட்பதுதான் நல்லது. ஷிஃப்ட் மாறும் நேரமும் சாப்பாட்டு நேரமும் மட்டும் வேண்டாம். பால் பண்ணை என்றால் காலைக் கறவை முடிந்து மாலைக் கறவை தொடங்குவதற்குள் போன் செய்யுங்கள். அறுவடை வாரத்தில் விவசாயியிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், வரப்போரம் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பண்ணையில் இன்னும் ஆழமாக இறங்க ஆசை இருந்தால் தங்கி வேலை செய்யலாம். 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் அமைப்பு இப்போது பல நாடுகளில் இருக்கிறது. தினம் சில மணி நேர வேலைக்குச் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும், சம்பளம் கிடையாது. ஆனால் சில நாடுகளில் இதையும் வேலை என்றே கணக்கில் எடுப்பார்கள். சுற்றுலா விசாவோடு போகும் முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

உடுப்பும் உடம்பும்

விரல் மூடிய ஷூ, நீளக் கால்சட்டை, கட்டிய தலைமுடி. தொங்கும் துணி எதுவும் வேண்டாம். சுழலும் தண்டு ஒரு நூலைப் பிடித்தாலும் ஆளையே இழுத்துவிடும். உலை, வார்ப்பாலை, கண்ணாடி ஊதும் பட்டறைக்குப் பருத்தி உடுத்துங்கள். பாலியெஸ்டர் மேல் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். உணவு ஆலைக்கு மோதிரம், கடிகாரம், கம்மல், வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். வயிற்றுப்போக்கு, சளி இருந்தால் தயவுசெய்து போகவே போகாதீர்கள். எங்கள் ஆலையில் அதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்போம். பொய் சொல்கிறவர்கள் முகத்தில் தெரியும்.

அலுமினியம் உருக்கும் ஆலைக்கு ஒரு தனி எச்சரிக்கை. மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரிக்கும் மின்னாற்பகுப்புத் தொட்டிகளைச் சுற்றிக் காந்தப்புலம் மிக வலுவாக இருக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் உள்ளே போகக் கூடாது. வங்கி அட்டையும் முள் கடிகாரமும் கெட்டுப்போகலாம்.

சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் காதடைப்பான் கட்டாயம் என்பார்கள். நுரைப்பஞ்சு அடைப்பானைப் பாதிப் பேர் தப்பாகத்தான் மாட்டுகிறார்கள், காதோரத்தில் செருகிவிட்டு ஆச்சு என்பார்கள். சரியான முறை இது: விரலில் வைத்துத் திரியாக மெல்லிசாக உருட்டுங்கள். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடியுங்கள். துளை நேராகும். இப்போது திரியை உள்ளே விட்டு, அது உப்பும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டே இருங்கள். உங்கள் குரலே தொட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்டால் சரியாக மாட்டியாயிற்று என்று அர்த்தம்.

உள்ளே நடக்கும்போது தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் நடங்கள். ஃபோர்க்லிஃப்ட் வந்தால் ஓட்டுநரின் கண் உங்கள் கண்ணைச் சந்திக்கும் வரை கடக்காதீர்கள். சரக்கு தூக்கியிருந்தால் அவருக்கு முன்னால் ஒன்றும் தெரியாது.

பண்ணையில் ஆபத்து பார்வைக்குத் தெரிவதில்லை, அதுதான் சிக்கல். தானியக் கிடங்கின் மேல் ஏறி நிற்காதீர்கள். அடியில் தானியம் வெளியேறிக்கொண்டிருந்தால் சில நொடியில் ஆள் உள்ளே போய்விடுவார். சாணக் குழம்பு தேக்கும் குழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். அளவு கூடினால் அது முதலில் மூக்கின் மோப்பத்தையே மழுங்கடித்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து நெருங்கக் கூடாது. மருந்து தெளித்த வயலுக்குள் கால் வைக்கும் முன் எப்போது தெளித்தார்கள் என்று கேளுங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் அதன் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள். படலைத் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டு வாருங்கள்.

குழந்தைகள் ஆட்டையும் கன்றையும் தடவிய கையோடு வாயில் விரல் வைப்பார்கள். பார்வைக்கு ஆரோக்கியமான மாட்டின் குடலிலேயே ஈ.கோலி ஓ157 என்ற கிருமி இருக்கலாம், சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். அழுக்குக் கையில் சானிட்டைசர் தடவினால் போதாது. சோப்பு, ஓடும் தண்ணீர், அதுவும் சாப்பிடுவதற்கு முன்.

அங்கே இருப்பவர்களிடம்

"ஒரு நாளைக்கு எத்தனை உற்பத்தி?" என்ற கேள்விக்கு மனப்பாடப் பதில்தான் வரும். "இது சரியாக வந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பார்மாவில் முதிர்ந்த சீஸ் வட்டைச் சிறு சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்கிறார்கள். "எது அடிக்கடி கெட்டுப்போகும்?" என்பதும் நல்ல கேள்வி, ஆனால் மேலாளர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். சம்பளத்தை நீங்களாகக் கேட்க வேண்டாம்.

படம் எடுக்க அனுமதி உண்டு என்றாலும் கணினித் திரை, கரும்பலகைக் கணக்கு, மூலப்பொருள் லேபிள் மூன்றையும் தவிருங்கள். ஆள் முகம் வருகிறது என்றால் அவரிடமே கேளுங்கள், வழிகாட்டியின் சம்மதம் அவருடைய சம்மதம் ஆகாது.

வேலையே வதையாக இருக்கிற இடங்களும் இந்தப் பட்டியலில் உண்டு. கிழக்கு ஜாவாவின் இஜென் எரிமலையில் கந்தகம் சுமப்பவர்கள் 70 கிலோவுக்கு மேல் தோளில் ஏற்றிப் பள்ளத்திலிருந்து மேலே வருகிறார்கள். பாதை குறுகல், சுற்றுலாக் கூட்டம் அதிகம். அவர்களைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். சுமையோடு நிற்கச் சொல்லிப் படம் எடுப்பது கொடுமை. பொலிவியாவின் பொட்டோசியில் 1545 முதல் தோண்டுகிற செர்ரோ ரிக்கோ மலைச் சுரங்கத்துக்குள் பயணிகளைக் கூட்டிப்போகிறார்கள். தொழிலாளர்களுக்கென்று கொக்கா இலையும் குளிர்பானமும் வாங்கிப் போவது அங்கே வழக்கம். உள்ளே தூசி, விஷ வாயு, தாங்காத கூரை எல்லாம் நிஜம், உயரமும் 4,000 மீட்டருக்கு மேல். போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவர் வழிகாட்டியாக வருகிறாரா என்று பாருங்கள், வெடி வைத்துக் காட்டுகிறேன் என்பவரோடு போகாதீர்கள்.

மொராக்கோவின் ஃபெஸ் நகரில் சுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைச் சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க முடியும். சுண்ணாம்பும் புறா எச்சமும் சேர்ந்த வாடைக்கு வாசலிலேயே புதினாக் கொத்து தருவார்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை என்பார்கள், இறங்கி வரும்போது கடை வழியாகத்தான் வர வேண்டும். வாங்க விருப்பம் இல்லையென்றால் சிறு தொகை கொடுத்துவிட்டு நன்றி சொல்லி நகருங்கள்.

கிளம்பும்போது ஷூவைக் கவனியுங்கள்

2001-ல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அந்தக் கிருமி செருப்பிலும் டயரிலும் உடுப்பிலும் பயணம் செய்யும். அதனால் ஒரே நாளில் இரண்டு கால்நடைப் பண்ணை வேண்டாம். பன்றி, கோழிப் பண்ணைக்காரர்கள் வாசலிலேயே மறுத்தால் கோபப்படாதீர்கள்; வேறு பண்ணைக்குப் போய் இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும் என்று சிலர் விதியே வைத்திருக்கிறார்கள்.

ஷூவின் அடிப்பள்ளத்தில் ஒட்டிய மண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நோண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, அமெரிக்கா போகும்போது பண்ணைக்குப் போனீர்களா என்று கேட்பார்கள். "ஆம்" என்று சொல்லுங்கள். அதிகாரி ஷூவைத் திருப்பிப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் அனுப்பிவிடுவார், இல்லையென்றால் கழுவச் சொல்வார். மறைத்து மாட்டினால் அபராதம். ஷூவைப் பெட்டியின் மேல்பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் வரிசையில் எல்லாவற்றையும் கலைக்க வேண்டியிராது.