டிடி ஃப்ரீ டிஷ்: படம் நின்றால் டிஷ்ஷைத் திருப்புவதற்கு முன்

தூர்தர்ஷன் தனது தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றைப் படிப்படியாக மூடிவிட்ட பிறகு, கேபிள் இணைப்பு எட்டாத தோட்டத்து வீடுகளுக்கும் மலையடிவாரக் குடியிருப்புகளுக்கும் மாதக் கட்டணமில்லாமல் தொலைக்காட்சி தருவது டிடி ஃப்ரீ டிஷ்தான். 2004ஆம் ஆண்டில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய இந்தச் சேவை, இப்போது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகிறது. படம் நின்றவுடன் பெரும்பாலான வீடுகளில் முதலில் செய்வது, மாடிக்கு ஏறி டிஷ்ஷை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பதுதான். உண்மையில் அதைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே அது நோக்கும் திசை ஏறக்குறைய 2 டிகிரி மாறிவிடும்; சிக்னல் முழுவதையும் இழக்க அது போதும். சரியாக நின்ற டிஷ்ஷைக் கலைத்துவிட்டால், பழைய பழுதோடு புதிய பழுதும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, முதலில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து செட்டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஸ்ட்ரென்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டைகள் இருக்கும். ஸ்ட்ரென்த் என்பது கேபிள் வழியாகப் பாக்ஸுக்கு ஏதோ ஒரு மின் அலை வந்து சேர்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது, எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளுக்கு அனுப்பும் சிறு கருவி) உயிரோடு இருந்தால், டிஷ் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பட்டை ஓரளவு நிறைந்தே நிற்கும். படத்தைத் தருவது குவாலிட்டிதான். இரண்டுமே பூஜ்யத்தில் இருந்தால் கேபிளையோ எல்.என்.பி.யையோ சந்தேகிக்கலாம். ஸ்ட்ரென்த் இருந்து குவாலிட்டி மட்டும் இல்லையென்றால், டிஷ்ஷின் திசை, குறுக்கே நிற்கும் மரம், பாக்ஸில் உள்ள அமைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டும் நன்றாக இருந்தும் சில சேனல்கள் மட்டும் காணவில்லையென்றால் மாடிக்குப் போகவே வேண்டாம். தனியார் சேனல்களுக்கான இடங்கள் ஆண்டுதோறும் ஏலம் விடப்பட்டு ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி மாறுகின்றன. அப்போது ஸ்கேனை மறுபடி ஓடவிட்டாலே போதும். எம்பெக்-4 என்ற புதிய படச் சுருக்க முறையில் வரும் சேனல்களைப் பழைய எம்பெக்-2 பாக்ஸ் எவ்வளவு ஸ்கேன் செய்தாலும் காட்டாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். குழந்தைகள் ரிமோட்டை அழுத்தி எல்.என்.பி. அமைப்பை மாற்றிவிடுவதும் உண்டு. அங்கே 9750/10600 என்று இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளைத் தொடுவதற்கு முன் பாக்ஸின் மின் இணைப்பைக் கட்டாயம் துண்டிக்க வேண்டும். எல்.என்.பி.க்குத் தேவையான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகிறது. கழற்றும்போது கேபிளின் நடுக்கம்பி அதைச் சுற்றியுள்ள உலோக வலையில் பட்டால் பாக்ஸ் கெட்டுப்போகலாம். என் கணிப்பில், கிராமத்து வீடுகளில் வரும் பழுதுகளில் பெரும்பங்கு இந்தக் கேபிளின் இரு முனைகளில் உள்ள பின்களில்தான் (கனெக்டர்களில்தான்) இருக்கிறது. எல்.என்.பி. பக்கத்துப் பின்னைக் கழற்றி, நடுவில் உள்ள செம்புக் கம்பியை வெளிச்சத்தில் பாருங்கள். அது பளபளப்பாக இருக்க வேண்டும். பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். துணியால் துடைத்து மாட்டினால் சில நாள் ஓடும், பிறகு மறுபடியும் நிற்கும். கறுத்த பகுதி முழுவதையும் வெட்டிவிட்டு, உள்ளே வெண்மையான நுரையும் மினுங்கும் வலையும் தெரியும் இடத்திலிருந்து புதிய பின் போடுவதே நிரந்தர வழி. வலையின் ஒரு மெல்லிய இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. பின்னுக்குச் சற்று முன்னால் கேபிளைக் கீழ்நோக்கித் தொங்கும்படி வளைத்துக் கட்டினால், வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுகள் கேபிளின் நடுவில் இருந்தால் அவற்றை நம்ப வேண்டாம். அணில் கடித்த இடங்களையும் விரலால் தடவிப் பாருங்கள்.

எல்.என்.பி.யின் முகத்தில் உள்ள பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்து உள்ளே நீர் புகுந்திருந்தாலோ, அதன் மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தாலோ சிக்னல் வெகுவாகக் குறையும். கூட்டை மென்மையாக அகற்றிவிடலாம். மூடி வெடித்திருந்தால் எல்.என்.பி.யையே மாற்றிவிடுவது நல்லது.

இத்தனையும் பார்த்த பிறகுதான் டிஷ்ஷின் திசைக்கு வர வேண்டும். நட்டுகளைத் தளர்த்துவதற்கு முன், டிஷ் இப்போது நிற்கும் நிலையைக் கம்பத்திலும் கிளாம்பிலும் மார்க்கரால் கோடிட்டுக்கொள்ளுங்கள். கம்பம் செங்குத்தாக இருக்கிறதா என்று ரசமட்டத்தால் பாருங்கள். ஆடிக் காற்றில் கம்பம் சாய்ந்ததே முழுக் காரணமாகவும் இருக்கலாம். திருச்சிப் பகுதியில் ஜிசாட்-15 வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறக்குறைய 125 டிகிரியில், அதாவது தென்கிழக்கில் இருக்கிறது. சென்னையில் அது 134 டிகிரி, கன்னியாகுமரியில் 116 டிகிரி. உயரக் கோணம், அதாவது தரைமட்டத்திலிருந்து மேல்நோக்கிய கோணம், தமிழகம் முழுவதும் 68 டிகிரியை ஒட்டியே வரும். கைபேசித் திசைகாட்டியை இரும்புக் கம்பத்தின் அருகே வைத்தால் தவறான திசையைக் காட்டும் என்பதால் சில அடி தள்ளி நின்று பாருங்கள். வீட்டு டிஷ்களில் எல்.என்.பி. கீழ்ப்புறமாக ஒதுங்கி இருப்பதால், செயற்கைக்கோள் அத்தனை உயரத்தில் இருந்தாலும் டிஷ்ஷின் முகம் அதைவிடத் தாழ்வாகவே பார்ப்பதுபோல் தோன்றும். ஆகவே கண் மட்டத்தை நம்பாமல் கிளாம்பில் உள்ள அளவுக் குறியைப் பின்பற்றுங்கள். பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்துத் திருப்புவதாக இருந்தால் அதுவும் ஃப்ரீ டிஷ்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற நிறுவனங்களின் டிஷ்கள் வேறு செயற்கைக்கோளை நோக்கியிருக்கலாம்.

ஒருவர் கீழே குவாலிட்டியைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் மிகச் சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் சில நொடிகள் காத்திருக்க வேண்டும், ஏனெனில் பாக்ஸ் சற்றுத் தாமதித்தே எண்ணைக் காட்டும். திசை சரியான பிறகு எல்.என்.பி.யையும் அதன் பிடிக்குள் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நமக்குக் கிழக்கே தள்ளி இருக்கும் செயற்கைக்கோள் என்பதால் எல்.என்.பி. நேராக நிற்காமல் கணிசமாகச் சாய்ந்து நிற்க வேண்டியிருக்கும். நட்டுகளை ஒரே பக்கமாக இறுக்கினால் டிஷ் இழுபடும் என்பதால், மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

காற்றடிக்கும்போது மட்டும் படம் உடைந்தால் தென்னை மட்டையைச் சந்தேகிக்கலாம். 5 மீட்டர் தொலைவில் உள்ள மரம் டிஷ்ஷைவிட ஏறக்குறைய 12 மீட்டர் உயர்ந்திருந்தால்தான் மறைக்கும். முற்றிய தென்னைக்கு அது எளிது. இதை உறுதிசெய்ய நல்ல வழி ஒன்று உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டி, சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. அந்தச் சில நிமிடங்கள் படம் தானாகவே நிற்கலாம். அது பழுது அல்ல. அப்போது டிஷ்ஷின் மேல் எந்த மட்டையின் நிழல் விழுகிறதோ அதுதான் சிக்னலையும் மறைக்கிறது. மரத்தை வெட்டுவதைவிட டிஷ்ஷைச் சில அடி நகர்த்துவதே மேல். புதிய இடம் மின்கம்பிகளிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

கனமழையில் சில நிமிடங்கள் படம் மறைவது இயல்பு. மழை விட்டும் வராவிட்டால் பின்னுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இடி வரும்போல் தெரிந்தால் பாக்ஸின் மின் இணைப்பையும் டிஷ் கேபிளையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடவோ மாடிக்கு ஏறவோ கூடாது.