இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் வலைப்பந்துக் கழகம் நடத்துவதற்கு

தோட்டத்துப் பெண்கள் கழகம் கலைவதற்குப் பெரும்பாலும் பயிற்சி நேரம்தான் காரணம். பறித்த கொழுந்தை எடைபோட்டு, தண்ணீர் பிடித்து, பிள்ளைக்காம்பராவிலிருந்து (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) பிள்ளையைத் தூக்கி வருவதற்குள் ஐந்து மணி தாண்டிவிடும்; ஆறரைக்கு இருட்டு. வாரநாளை மறந்துவிடுங்கள். ஞாயிறு காலை துணி துவைக்கவும் டவுனுக்குப் போகவுமே சரி. அன்று பிற்பகல் 2.30 முதல் 4.30 வரைதான் தோதான நேரம். முடிந்ததும் மேல்கணக்கு, கீழ்கணக்கு எனத் தோட்டப் பிரிவுகளுக்குப் போகும் பாதைவாரியாகக் கூட்டமாக அனுப்புங்கள்.

வீட்டில் சம்மதம் கேட்கக் கங்காணியையோ (வேலை மேற்பார்ப்பவர்) தொழிற்சங்கத் தலைவரையோ அழைத்துப் போனால் அது உத்தரவாகிவிடும். அதே லயத்தில் (வரிசை வீடுகளில்) மதிப்புள்ள ஓர் அக்கா அம்மாவிடம் பேசட்டும். கல்யாணமானவர் என்றால் மாமியாரிடம். யார் கூட இருப்பார், என்ன உடுப்பு, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்றுதான் கேட்பார்கள். நீளமான டீ-சர்ட்டும் ட்ரக் பொட்டமும் போதும். போட்டிக்குப் போகுமுன் நடத்துபவரிடம் உடுப்பு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தொழிற்சங்கத்தின் நிறமும் வேண்டாம். கேட்காமல் பேஸ்புக்கில் போட்ட ஒரு படத்துக்காகவே பிள்ளையை நிறுத்தும் வீடுகள் உண்டு.

கோவில் வளவில் கோர்ட் போடாதீர்கள். மாதவிடாய் நாளில் பாதிப்பேர் வரமாட்டார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

கோர்ட் நூறடிக்கு ஐம்பதடி. மலையில் அவ்வளவு சமதரை கிடைக்காவிட்டால் நீளத்தைக் குறைக்கலாம். ஆனால் கோல் கம்பத்தைச் சுற்றியுள்ள கோல் வட்டத்தின் 16 அடி ஆரத்தைக் குறைத்தால், அதற்குள் நின்று கோல் போடும் ஷூட்டரின் பழக்கம் கெட்டுவிடும்.

கம்பத்தை நிரந்தரமாகப் புதைத்தால் கிரிக்கெட் விளையாடும் பையன்கள் இடைஞ்சல் என்று ஆட்டி ஆட்டிச் சாய்த்துவிடுவார்கள். அதனால் நாலங்குலக் குழாய்த் துண்டொன்றை இரண்டரை அடி ஆழத்தில் கொங்கிறீட் போட்டு நிறுத்துங்கள். அடியில் சல்லிக்கல் பரப்பி, குழாயின் அடிவாயை அடைக்காமல் விடுங்கள். அடைத்தால் மழைநீர் தேங்கி இரும்பு துருப்பிடிக்கும். பன்னிரண்டரை அடி நீளமுள்ள மூன்றங்குலக் குழாயை அதில் இறக்கினால் தரைக்கு மேல் சரியாகப் பத்தடி நிற்கும். வளையம் உள்விட்டம் 15 அங்குலம், கம்பத்திலிருந்து ஆறங்குலம் தள்ளி. ஆட்டம் முடிந்ததும் கம்பத்தைக் கழற்றிக் குழியை மூடிவிடுங்கள். திறந்த குழியில் கால் போனால் கணுக்கால் போச்சு.

அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் அட்டைக்கடியும்தான். அந்த மாதங்களில் மண்டபத்துக்குள் பந்து பரிமாற்றமும், குதித்து இரண்டு காலிலும் இறங்குவதும் பழகுங்கள். முழங்கால் அடிபடுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். போட்டிகளை ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் வையுங்கள். பதுளைப் பக்கம் வருடக் கடைசியிலும் மழை கொட்டும், கணக்கு வேறு.

சந்தாவைச் சம்பள நாளன்றே வாங்குங்கள், நான்கு நாள் போனால் கிடைக்காது. வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து. மாதம் ஒருமுறை வரவு செலவைக் கொப்பி பார்த்து எல்லோர் முன்னும் சத்தமாக வாசியுங்கள். மைதானத்துக்குத் துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதியைக் கடிதமாக வாங்குங்கள். துரை மாற்றலாகிப் போனால் வாய்ப்பேச்சும் கூடவே போய்விடும். பதிவு பற்றி பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

கோர்ட்டில் ஏழு பேர்தான், ஆனாலும் பட்டியலில் பதினாறு பேராவது இருக்கட்டும். கல்யாணம், கொழும்பு வேலை, பிரசவம் என்று வருடத்தில் நாலைந்து பேர் குறைவார்கள். அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர்களை விட்டுவிடாமல் நடுவராகவும் ஸ்கோர் எழுதுபவராகவும் பழக்குங்கள். கைக்குழந்தையோடும் அந்த வேலைக்கு வரலாம், பாய் விரிக்க ஒரு நிழல் இருந்தால் போதும்.