காய்ச்சலில் குழந்தைக்கு ஃபிட்ஸ்: பதற்றத்தில் செய்யக்கூடாதவை

கண் மேலே செருகி, பல் கிட்டி, கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தால் பெற்றவர்களுக்கு ஈரக்குலை நடுங்கிவிடும். அந்த நேரத்தில் வலிப்பை நிறுத்தப் பார்ப்பதுதான் பெரும்பாலும் காயத்தில் முடிகிறது.

நாக்கை விழுங்கிவிடுமோ என்று பயந்து ஸ்பூனையோ விரலையோ வாய்க்குள் திணிப்பார்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. பல்தான் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாயை அடைக்கலாம். தண்ணீரோ மருந்தோ ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். கை காலை அழுத்திப் பிடிக்கவோ, குளிர்ந்த நீரில் முக்கவோ வேண்டாம். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இரண்டு நிமிடம் அரை மணி நேரம் போலத் தோன்றும். எவ்வளவு நேரம் இழுத்தது, ஒரு பக்கமா இரு பக்கமுமா என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். பக்கத்தில் யாராவது இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள்.

“எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தை” என்று முடிவுகட்டி டானிக் வாங்குவது இன்னொரு தவறு. காய்ச்சலை வரவழைப்பதே எதிர்ப்புச் சக்திதான். கிருமி நுழைந்ததும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-1 போன்ற சைட்டோகைன் என்னும் ரசாயனங்களை வெளியிடுகின்றன. அவை மூளையின் ஹைப்போதலாமஸுக்குச் செய்தி சொல்லி உடல் வெப்பத்தை ஏற்றுகின்றன. 6 மாதம் முதல் 5 வயதுவரை மூளை இன்னும் முதிர்ந்திருக்காது. அதனால் சில குழந்தைகளுக்கு அந்த வெப்பமும் அந்த ரசாயனங்களும் சேர்ந்து வலிப்பைத் தூண்டிவிடுகின்றன. நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு இது வரும். குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் வாய்ப்பு கூடுதல். டானிக் இதைத் தடுக்காது.

பாராசிட்டமாலும் தடுக்காது. உடல்வலி குறையும், குழந்தை கொஞ்சம் தெம்பாக இருக்கும். அதற்காகக் கொடுங்கள், எடைக்கேற்ற அளவில் மட்டும். காய்ச்சல் இருப்பது தெரிவதற்கு முன்பே வலிப்பு வந்துவிடுவதும் உண்டு. ஆகவே “நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனே” என்று எந்த அம்மாவும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்கு ரை சிண்ட்ரோம் என்ற ஆபத்தான நோய் வரக்கூடும்.

தடுப்பூசிக்குப் பின் வரும் காய்ச்சலிலும் அரிதாக வலிப்பு வருவதுண்டு. அதற்காக ஊசியையே நிறுத்திவிடக் கூடாது. ஊசி போடாமல் தட்டம்மை வந்தால் காய்ச்சலும் கடுமையாக இருக்கும், மூளையும் பாதிக்கப்படலாம். அடுத்த ஊசி பற்றி டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

மூன்றில் ஒரு குழந்தைக்கு மறுபடி வரலாம், ஆனால் பெரும்பாலானோருக்கு இது காக்காய் வலிப்பாக மாறுவதில்லை.

வலிப்பு நின்றுவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். முதல் தடவை என்றால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தை, கழுத்து விறைப்பு, நின்ற பிறகும் தெளியாத மயக்கம், ஒரே நாளில் இரண்டாவது வலிப்பு, ஒரு பக்கம் மட்டும் இழுப்பது என எது இருந்தாலும் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.