உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையா?

வெளியே போகும்போது தரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இறங்குகிறது என்று அர்த்தம். சூடே தெரியவில்லையே என்று ஏமாற வேண்டாம், தோல் செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கும் அந்தக் கதிரை உடம்பு உணரவே உணராது. குளிர்காற்று வீசும் மலைக்குப் போய்விட்டுப் பலர் முகம் கருகித் திரும்புவது இதனால்தான், 1000 மீட்டர் ஏறினால் கதிர் சுமார் 10 சதவீதம் கூடிவிடும்.

இதிலிருந்து தப்பிக்க முதலில் நிழலில் ஒதுங்குவது, அப்புறம் துணி, கடைசியில்தான் சன்ஸ்கிரீன் கிரீம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், இழைகளுக்கு நடுவே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் கதிரும் அப்படியே உள்ளே வரும். முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி காதையும் பிடரியையும் அம்போவென்று விட்டுவிடும், சுற்றிலும் விளிம்பு உள்ளதை வாங்குங்கள்.

சரி, சன்ஸ்கிரீன். டப்பாவில் போட்டிருக்கும் காப்பு எண்ணான எஸ்பிஎஃப் 30 என்றால், தோலைச் சுட்டெரிக்கும் யுவிபி வகைப் புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98; ஆக, எண்ணுக்காக அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரான யுவிஏவையும் தடுக்கும் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' வகைதானா என்று பார்ப்பதே முக்கியம், ஏனென்றால் யுவிஏ ஜன்னல் கண்ணாடியைக்கூடத் தாண்டி வரும். ஆனால் உண்மையில் கோட்டை விடுவது அளவில்தான். அந்த எண் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்தது, நாமோ கடலை அளவு எடுத்து முகம் முழுக்க இழுக்கிறோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். கிளம்புவதற்குக் கால்மணி நேரம் முன்பே பூசுங்கள், வெளியே இருக்கும்வரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்தாலோ நனைந்தாலோ உடனேயும் மறுபடி. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கிரீம் வேண்டாம், நிழலும் துணியும் போதும்.

கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கும், முழுக்கக் காக்காது. 1981-இல் இறந்த ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லிக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தது கால் விரல் நகத்தடியில். அந்த வகைக்கு வெயில் பெரிய காரணமில்லை, அதனால் கிரீம் பூசினாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகங்களை மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு மச்சம் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டாலோ, ஓரம் சிதைந்தாலோ, நிறம் கலந்தாலோ, 6 மில்லிமீட்டரைத் தாண்டி வளர்ந்தாலோ, அல்லது ஒரு புண் மாதமாகியும் ஆறாமல் இருந்தால், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.